3 நாள் 15 மணி நேரத்துல அட்லாண்டிக்: பாய்மரப் படகு எப்படி இவ்வளவு வேகமா போச்சு, அப்புறம் ஏன் யாராலயும் முந்த முடியல?

கேள்வி இதுதான்: 2009-ல ஒரு பாய்மரப் படகு நியூயார்க்ல கிளம்பி 3 நாள் 15 மணி நேரத்துல இங்கிலாந்து முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கு, இன்ஜின் இல்லாம வெறும் காத்துல இது எப்படி நடந்துச்சு, காத்தை விட வேகமா படகு போக முடியுமா, அதுக்கப்புறம் டெக்னாலஜி இவ்வளவு வளர்ந்தும் அந்த ரெக்கார்டை ஏன் யாரும் உடைக்கல. இது மூணுக்கும் அடியில ஒரே விஷயம்தான் இருக்கு. அட்லாண்டிக் ரெக்கார்டோட வரலாறே, ஒரு புயல் சின்னத்தோட கூடவே கடைசி வரைக்கும் ஓடுற அளவுக்கு படகு வேகமாகுறது எப்போங்கிற கதைதான். படகு அந்த வேகத்தை எட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம், எட்டினதுக்கு அப்புறம் வேற ஆட்டம். கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

முதல்ல எங்க இருந்து எங்க வரைக்கும்னு பாத்துடலாம். நியூயார்க் துறைமுக வாசல்ல ஆம்ப்ரோஸ்னு ஒரு கலங்கரை விளக்கம் இருந்துச்சு, கப்பல்கள் இடிச்சு இடிச்சு கடைசில 2008-ல அதை எடுத்துட்டாங்க, ஆனா கணக்குக்கு இன்னும் அந்த இடம்தான் ஸ்டார்ட். முடிவு இங்கிலாந்தோட தெற்கு ஓரத்துல கார்ன்வால்ல இருக்கிற லிசார்ட் முனை. நடுவுல 2,880 கடல் மைல், அதாவது 5,300 கிலோமீட்டருக்கு மேல. இதையெல்லாம் சரிபாத்து ஒத்துக்கிறது 1972-ல ஆரம்பிச்ச உலக பாய்மர வேக சாதனை கவுன்சில். ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கிறதில்ல, சராசரி வேகத்தை அவங்க இந்த குறுக்கு வழி தூரத்தை வச்சுதான் போடுவாங்க, படகு காத்தைத் தேடி வளைஞ்சு வளைஞ்சு எத்தனை மைல் அதிகமா போனாலும் அது கணக்குல வராது. அதனால 2009-ல பான்க் பாப்புலேர் 5 படகுக்கு சராசரி 32.94 நாட்னு போட்டிருந்தா, தண்ணி மேல உண்மையில அது இன்னும் வேகமா போயிருக்குன்னு அர்த்தம். நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், 32.94 நாட்னா மணிக்கு 61 கிலோமீட்டர். நாலு நாளா ராத்திரி பகலா, நடுக்கடல்ல, அலை மேல.

இந்த நேரம் எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா ஒரு பயணிகள் கப்பலை பக்கத்துல வச்சுப் பாருங்க. 1952-ல எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்னு ஒரு அமெரிக்க கப்பல், கிட்டத்தட்ட 2,40,000 குதிரைத்திறன் இன்ஜினோட, அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிஷத்துல கடந்துச்சு. பயணிகள் கப்பல்லயே அதுதான் உச்சம். அதோட முடிவுக் கோடு பிஷப் ராக், லிசார்டுக்கு கொஞ்சம் முன்னாடியே வந்துடும். அப்படிப் பாத்தா ஒரு சொட்டு எண்ணெய்கூட தள்ளுறதுக்கு எரிக்காத ஒரு பாய்மரப் படகு அந்த ராட்சசனை விட வெறும் 5 மணி நேரம்தான் லேட். எனக்கு இத நெனைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

இப்ப பழைய கதைக்கு வருவோம். 1905-ல ஜெர்மன் மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் ஒரு கோப்பை அறிவிச்சார், அட்லாண்டிக் குறுக்க ரேஸ். அதுல அட்லாண்டிக்னே பேர் வச்ச 185 அடி நீள மூணு பாய்மர ஸ்கூனர் ஜெயிச்சுது, கேப்டன் சார்லி பார், ஸ்காட்லாந்துல பிறந்தவர், அதுக்கு முன்னாடியே அமெரிக்காஸ் கப்ங்கிற பேர்போன பாய்மரப் படகுப் போட்டியை மூணு தடவை ஜெயிச்சுக் குடுத்தவர். நேரம் 12 நாள் 4 மணி 1 நிமிஷம் 19 விநாடி. ஒரு நாள்ல அதிகபட்சம் 341 மைல் ஓடியிருக்காங்க. பருத்திப் பாய், மரக் கம்பம், கயிறு, வானிலை சொல்ல ஆளே கிடையாது, பாரோமீட்டரையும் மேகத்தையும் பாத்து முடிவெடுக்கணும். இந்த ரெக்கார்டு 75 வருஷம் நின்னுச்சு. ரெண்டு உலகப் போர் முடிஞ்சு மனுஷன் நிலாவுக்கே போய்ட்டு வந்துட்டான், சார்லி பாரோட நேரத்தை மட்டும் எந்தப் பாயாலயும் தொட முடியல.

ஏன் அவ்வளவு காலம்? ஒரே ஒரு ஹல் இருக்கிற, அதாவது ஒத்தை உடம்புப் படகு தண்ணிய ஒதுக்கிட்டுத்தான் போகணும், ஒதுக்கும்போது ஒரு அலை உண்டாகும், வேகம் கூடக் கூட அந்த அலையோட நீளமும் கூடும், கடைசில அலை நீளமும் படகு நீளமும் ஒண்ணாகுற இடத்துல படகு தன்னோட சொந்த அலைக்குள்ளயே மாட்டிக்கும், அதுக்கு மேல போகணும்னா அந்த அலை மேட்டுல ஏறணும், அதுக்கு எவ்வளவு பாய் கட்டினாலும் பத்தாது. அந்த ஸ்கூனர் மாதிரி பெரிய கனமான கப்பலுக்கே 15, 16 நாட்டுக்கு மேல தொடர்ந்து போறது நடக்காத காரியம். சார்லி பாரோட சராசரி 10 நாட் சொச்சம். அதனால அந்தக் காலத்துல ரெக்கார்டுன்னா நீளமான கப்பல், நிறைய பாய், ஏறக்குறைய 50 ஆள், அப்புறம் அதிர்ஷ்டம்.

இதை உடைச்சது 1980-ல எரிக் தபார்லி, பிரான்ஸ்காரர், கடற்படை அதிகாரி. அவரோட படகு பால் ரிகார்ட் ஏறக்குறைய 16 மீட்டர்தான், அந்த ஸ்கூனர்ல மூணுல ஒரு பங்குகூட இல்ல. ஆனா அது டிரைமரான், நடுவுல ஒண்ணு பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு உடம்பு, கூடவே தண்ணிக்குள்ள ஃபாயில்னு சொல்ற இறக்கை. நேரம் 10 நாள் 5 மணி 14 நிமிஷம். இப்படி ஒண்ணுக்கு மேல உடம்பு இருக்கிற மல்டிஹல்ல என்ன விசேஷம்னா, உடம்பு கத்தி மாதிரி ஒல்லியா இருக்கிறதால அலை பெருசா உண்டாகாது, மேல சொன்ன சொந்த அலைப் பொறி அதைப் பிடிக்காது, அப்புறம் கவிழாம நிக்கிறதுக்கு அடியில டன் கணக்குல ஈயம் கட்டித் தூக்கிட்டுப் போக வேண்டாம், அகலமே போதும். எடை பாதிக்குப் பாதி போயிடும்.

அதுக்கப்புறம் பிரெஞ்சுக்காரங்க மளமளன்னு இறக்கினாங்க. 1981-ல மார்க் பஜோ 9 நாள் 10 மணி, 1984-ல பாட்ரிக் மோர்வான் 8 நாள் 16 மணி, 1986-ல லோயிக் கராடெக் ரோயால்ங்கிற கேட்டமரான்ல, அதாவது ரெட்டை உடம்புப் படகுல, 7 நாள் 21 மணி, 1990-ல செர்ஜ் மடெக் ஜெட் சர்வீசஸ் 5-ல 6 நாள் 13 மணி 3 நிமிஷம். பத்தே வருஷத்துல சார்லி பாரோட நேரம் கிட்டத்தட்ட பாதியாச்சு. இதுல கராடெக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். கோடையில ரெக்கார்டு போட்டவர் அதே வருஷம் நவம்பர்ல ரூட் டு ரம்ங்கிற அட்லாண்டிக் குறுக்க போற ரேஸ்ல தனியா போனார், ரோயால் கவிழ்ந்து கிடந்ததை சக போட்டியாளர் ஃப்ளோரன்ஸ் ஆர்தோதான் கண்டுபிடிச்சாங்க, உள்ள ஆள் இல்ல. இந்த நம்பர்களைப் படிக்கும்போது அதோட விலையும் ஞாபகம் இருக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

சரி, காத்தை விட வேகமாங்கிற கேள்வி. ஆமா, போகலாம், இதுல மாயம் ஒண்ணும் இல்ல. காத்தே இல்லாத நாள்ல சைக்கிள் மிதிச்சாலும் முகத்துல காத்து அடிக்கும்ல, அதே மாதிரி படகு ஓட ஓட அதுவா ஒரு எதிர்க்காத்தை உண்டாக்கும். பக்கவாட்டுல இல்லன்னா பக்கவாட்டுப் பின்னால இருந்து வர்ற நிஜக் காத்தும் இந்த எதிர்க்காத்தும் சேர்ந்து படகுல இருக்கிறவனுக்கு முன்பக்கமா வர்ற ஒரு பலமான காத்தா தெரியும். பாய் வேலை செய்றது அந்தச் சேர்ந்த காத்துலதான். அதனால 25 நாட் காத்துல ஒரு பெரிய டிரைமரான் 33, 35 நாட் போறது சர்வ சாதாரணம். அந்த வேகத்துல பாய் தொப்பையா விரிஞ்சு இருக்காது, விமான இறக்கை மாதிரி தட்டையா இறுக்கி இழுத்து வச்சிருப்பாங்க. ஆனா ஒண்ணு, நேர் பின்னால இருந்து காத்து வந்தா இந்த வித்தை பலிக்காது, காத்து ஒரு கோணத்துல வந்தே ஆகணும்.

இப்பதான் முக்கியமான இடம். அமெரிக்காவோட கிழக்குக் கரையில, கேப் ஹட்டராஸ் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள், முதல்ல புயல் சின்னம்னு சொன்னேனே அதுதான், உருவாகும், இல்லன்னா உள்நாட்டுல இருந்து வந்து அங்க பலம் பிடிக்கும். அப்புறம் கிழக்கு வடகிழக்கா ஐரோப்பாவை நோக்கி ஓடும், பொதுவா 25ல இருந்து 35 நாட் வேகத்துல. அதோட முன்பக்கத்துல, கோல்டு ஃப்ரன்ட், அதாவது பின்னால வர்ற குளிர்காத்தோட எல்லை, வர்றதுக்கு முன்னாடி இருக்கிற பகுதியில, தென்மேற்குக் காத்து நிலையா ஒரே சீரா வீசும். நீங்க போற திசை கிழக்கு வடகிழக்கு, காத்து தென்மேற்கு, அதாவது வலப்பக்கம் பின்னால இருந்து, டிரைமரானுக்கு இதை விட நல்ல கோணம் கிடையாது. அதுவும் இல்லாம காத்து அந்த இடத்துக்கு இப்பதான் வந்திருக்குறதால அலை இன்னும் பெருசா எழும்பியிருக்காது, தண்ணி தட்டையா இருக்கும். ஃப்ரன்ட் உங்களைத் தாண்டிப் போயிட்டா கதை மாறும், காத்து சட்டுன்னு வடமேற்குக்குத் திரும்பும், ரெண்டு திசை அலையும் ஒண்ணோட ஒண்ணு மோதும், வேகம் பாதியாயிடும்.

10 நாட்ல போற சார்லி பாரை ஒவ்வொரு தாழ்வு மண்டலமும் முந்திட்டுப் போயிடும், அடுத்தது வர்ற வரைக்கும் காத்திருக்கணும். 18, 20 நாட் போன ஜெட் சர்வீசஸும் ஒரு சிஸ்டத்தோட, அதாவது ஒரு தாழ்வு மண்டலத்தோட, கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் விட்டுடும். 25 நாட்டுக்கு மேல தொடர்ந்து போற படகு வந்தப்பதான் முதல் தடவையா அந்த மண்டலத்தோட முன்பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு கரை வரைக்கும் போக முடிஞ்சுது. 2001 அக்டோபர்ல ஸ்டீவ் ஃபாசெட் பிளேஸ்டேஷன்ங்கிற 38 மீட்டர் கேட்டமரான்ல 4 நாள் 17 மணி 28 நிமிஷத்துல வந்தார். பதினோரு வருஷமா நின்ன ரெக்கார்டுல இருந்து ஒரே அடியில 43 மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுது. 1981-ல இருந்து மத்த வருஷமெல்லாம் அரை நாள், ஒரு நாள்னு குறைஞ்சது இங்க ஏன் ரெண்டு நாள் கிட்ட குறைஞ்சுதுன்னா காரணம் இதுதான்.

அப்புறம் 2006-ல புரூனோ பெய்ரோன் ஆரஞ்ச் 2-ல 4 நாள் 8 மணி, 2007-ல ஃபிராங்க் கமாஸ் குருபாமா 3-ல 4 நாள் 3 மணி 57 நிமிஷம். நாலு நாளுக்குள்ள வர்றதுக்கு வெறும் நாலு மணி நேரம் பாக்கி. அதைத்தான் 2009 ஆகஸ்ட்ல பாஸ்கல் பிடெகோரியும் அவரோட டீமும் 40 மீட்டர் டிரைமரான் பான்க் பாப்புலேர் 5-ல 12 மணி 32 நிமிஷம் குறைச்சு 3 நாள் 15 மணி 25 நிமிஷம் 48 விநாடின்னு கொண்டு வந்தாங்க. அந்தப் பயணத்துலயே 24 மணி நேரத்துல 908 கடல் மைல், அதாவது ஒரே நாள்ல 1,680 கிலோமீட்டர். அந்த ஒரு நாளுக்கு சராசரி கிட்டத்தட்ட 38 நாட். ஸ்கூனர் அட்லாண்டிக்கோட 341 மைலை இது பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஒத்தை ஹல் படகுகளும் பின்னாடியே வந்துச்சு. 2016-ல கோமான்ஷேங்கிற 100 அடி படகு 5 நாள் 14 மணி 21 நிமிஷத்துல கடந்து, 2003-ல மரி-சா 4 போட்ட நேரத்துல இருந்து 27 மணி நேரத்துக்கு மேல குறைச்சுது. அங்கயும் அதே கதை, ஒரே சிஸ்டம், ஒரே பக்கக் காத்துல தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் ஓட்டம்.

உள்ள இருக்கிறவங்களுக்கு இது எப்படி இருக்கும்னு சொல்லலைன்னா பதில் முழுசாகாது. மெயின் பாயோட ஷீட்னு சொல்ற கயிறு பக்கத்துல ஒருத்தர் எப்பவும் இருப்பார், அவரோட வேலையே அதை விடத் தயாரா இருக்கிறதுதான். 35 நாட்ல போற படகு முன்னாடி போற அலையோட முதுகுல மூக்கைக் குத்திடுச்சுன்னா பின்பக்கம் எழும்பித் தலைகீழா போயிடும், அதுக்குள்ள கயிறைத் தளர்த்தணும், கிடைக்கிறது ஓரிரு விநாடி. கூடவே இன்னொரு தலைவலி, வெதுவெதுப்பான ஈரமான தென்மேற்குக் காத்து நியூஃபவுண்ட்லாந்து பக்கம் லாப்ரடார் குளிர் நீரோட்டத்து மேல வந்ததும் பனிமூட்டமாயிடும். ரெக்கார்டுக்கு எந்தக் காத்து வேணுமோ அதே காத்துதான் கண்ணை மறைக்குது. பாய் மேல்பகுதிகூட தெரியாது, சுக்கான் பிடிச்சிருக்கிறவர் திரையில காத்துக் கோணத்தையும் வேகத்தையும் மட்டும் பாத்து ஓட்டுவார், கீழ ஒருத்தர் ரேடார்ல மீன்பிடி படகு இருக்கான்னு பாத்துக்கிட்டே இருப்பார், கோடை ஆரம்பத்துலன்னா அந்தப் பக்கம் பனிப்பாறை வேற மிதக்கும். திமிங்கலம் ரேடார்ல தெரியாது.

இதையே ஒருத்தர் தனியா பண்றாங்க, என்னைக் கேட்டா மொத்தத்துல பெரிய சாதனை அந்தப் பக்கம்தான். 1990-ல ஃப்ளோரன்ஸ் ஆர்தோ தனியா 9 நாள் 21 மணியில கடந்து ஆண்கள் கையில இருந்த ரெக்கார்டை எடுத்தாங்க. 1994-ல லோரான் பூர்ஞோன் 7 நாள் 2 மணி, அது 11 வருஷம் நின்னுச்சு. 2005-ல ஃபிரான்சிஸ் ஜோயோன், ஏற்கனவே உலகத்தைத் தனியா சுத்தி வந்த ஒரு பழைய டிரைமரான்ல, 6 நாள் 4 மணி. கோட்டைத் தாண்டின சந்தோஷத்தோட வீட்டுக்குத் திரும்பும்போது களைப்புல தூங்கிட்டார், படகு பிரிட்டனியில பென்மார்ஷ் பாறைகள்ல மோதி நொறுங்கிடுச்சு. அவர் தப்பிச்சார். ரெக்கார்டு ஓட்டத்துல பத்து, இருபது நிமிஷத் துண்டு தூக்கத்துலயே ஓட்டின உடம்பு, கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் அப்படியே சரிஞ்சிடுது. அதே மனுஷன் 2013-ல புதுப் படகுல 5 நாள் 2 மணி. அப்புறம் 2017 ஜூலைல தோமா கோவில், சோடெபோ படகுல தனியா, 4 நாள் 11 மணி 10 நிமிஷம் 23 விநாடி. இது 2001-ல ஃபாசெட் முழு டீமோட போட்ட நேரத்தை விட 6 மணி நேரம் கம்மி!

எதிர்த்திசைக்கு ஏன் இவ்வளவு பேச்சு இல்லன்னு கேக்கலாம். மேற்கு நோக்கிப் போகணும்னா இந்தத் தாழ்வு மண்டலங்கள் எதிர்ல வரும், அதனால கீழ இறங்கி வியாபாரக் காத்தைப் பிடிக்கணும், அதுக்குன்னு கொலம்பஸ் வழி ஒண்ணு இருக்கு, ஸ்பெயினோட காடிஸ்ல இருந்து பஹாமாஸ்ல சான் சால்வடார் வரைக்கும் 3,884 மைல். 2013-ல ஸ்பின்ட்ரிஃப்ட் 2 அதை 6 நாள் 14 மணியில முடிச்சுது, சராசரி 24 நாட் சொச்சம். இந்த ஸ்பின்ட்ரிஃப்ட் 2 வேற யாரும் இல்ல, பேர் மாறின அதே பான்க் பாப்புலேர் 5. ஒரே படகு, ஒரு பக்கம் 33 நாட், இன்னொரு பக்கம் 24. சிஸ்டத்தோட ஓடுறதுக்கும் பின்னால இருந்து வர்ற நிலைக்காத்துல குறுக்கும் நெடுக்கும் திரும்பித் திரும்பிப் போறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 9 நாட்லயே இருக்கு.

கடைசிக் கேள்வி, 2009 நேரம் ஏன் நிக்குது. இன்னைக்கு இருக்கிற 32 மீட்டர் அல்டிம் வகை டிரைமரான்கள் ஃபாயில் மேல தண்ணிய விட்டே எழும்பிப் பறக்குது, 40 நாட் தாண்டுறது அதுங்களுக்கு பெருசே இல்ல. ஃபிரான்சுவா கபார் 2017-ல தனியாவே ஒரு நாள்ல 851 மைல் ஓடினார். ஆனா அட்லாண்டிக் ரெக்கார்டுக்கு உச்ச வேகம் போதாது, 87 மணி நேரம் 33 நாட்டுக்குக் கீழ சராசரி இறங்கவே கூடாது. அதுக்கு அந்தத் தாழ்வு மண்டலம் படகோட வேகத்துலயே நகரணும், பாதி வழியில ஐஸ்லாந்து பக்கமா வடக்கே திரும்பிடக் கூடாது, இங்கிலாந்துக்கு முன்னாடி கடைசி முன்னூறு மைல்ல காத்து செத்துடக் கூடாது, அலையும் பெருசாகக் கூடாது, ஏன்னா அலை வந்தா ஃபாயில் படகுக்குப் பறக்குற வழி போயிடும், அப்ப 40 மீட்டர் நீளத்துல அலையை வெட்டிட்டுப் போன பழைய படகுதான் மேல். இதெல்லாம் ஒண்ணா அமையுற சான்ஸ் ஒரு கோடையில ஓரிரு தடவை வரலாம், வராமலும் போகலாம். படகை நியூயார்க்ல கட்டி வச்சுட்டு டீம் ஸ்டான்ட்-பைல கிடக்கணும், கரையில ஒரு ரூட்டர், அதாவது வானிலை பாத்து வழி சொல்றவர், தினமும் வானிலை மாடல் ஓட்டிப் பாத்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு சொல்லிக்கிட்டு இருப்பார். இப்ப ஸ்பான்சர்களுக்கு நிக்காம உலகத்தைச் சுத்தி வர்ற ஜூல்ஸ் வெர்ன் கோப்பையும் தனியாள் ரேஸ்களும்தான் பெருசு, வாரக் கணக்குல ஒரு படகைச் சும்மா கட்டி வைக்க யாரும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க. என் கணிப்புல படகுகள் தயாராத்தான் இருக்கு, காலண்டர்தான் இடம் குடுக்கல.

எப்பவாவது ஒரு கோடையில இந்த வகை டிரைமரான் நியூயார்க்ல காத்திருக்குன்னு செய்தி வந்தா, நீங்களே ஒரு வானிலை மேப்பைத் திறந்து பாருங்க. ஹட்டராஸ் பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி, நாலு நாள் முன்னறிவிப்புல அது 30 நாட் வேகத்துல நேரா அயர்லாந்து பக்கம் வர்ற மாதிரி காட்டி, அதுக்குத் தெற்கே லிசார்ட் வரைக்கும் 25 நாட் தென்மேற்குக் காத்து ஒரே பட்டையா நின்னுச்சுன்னா, அன்னைக்கு ராத்திரியே அவங்க கயிறை அவுத்துடுவாங்க.